இடது கையால் திருகிய மூடிகள்

உபதேசியார் ஜெபமாலையைப் பாதிவரை கொண்டுவந்திருந்தபோது உள்ளறையில் ஏதோ வெடித்தது.

பெரிய சத்தமில்லை. ஈரத்துணியைத் தரையில் ஓங்கி அறைந்ததுபோல ஒன்று. அதைத் தொடர்ந்து தண்ணீர் சிந்தும் ஓசை. ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். உபதேசியார் கண்ணைத் திறக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராஜ்மோகன் எழுந்து உள்ளே வந்தார். என்ன வெடித்தது என்று அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் உடனே தெரிந்தது. தெரிந்திருக்கக்கூடிய இன்னொருத்தி, அவர் மனைவி இளமதி, ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

அதற்குள் வாடை கூடத்துக்கு வந்துவிட்டது. திராட்சையும் பட்டையும் கிராம்பும் சேர்ந்து புளித்த வாடை. ஊதுபத்திப் புகையையும் சாமந்தி மாலைகளையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு அது வந்து நின்றது.

"யாருப்பா இந்நேரத்துல ஊத்திக்கினு வந்தது?" என்று சுவரோரம் இருந்த ஒரு பெரியவர் கேட்டார். பாதிப் பேர் மதிவாணனைப் பார்த்தார்கள். அவன் இளமதியின் தம்பி. சேதி கேட்டு, வேப்பூர் பக்கத்து மங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் எட்டு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்தவன்.

"என்னய ஏன் பாக்கறீங்க? நான் இன்னும் பல்லே வெளக்கல," என்றான் மதிவாணன், அழுது வீங்கின முகத்தோடு.

"சும்மா இருங்கய்யா. அது போட்டு வச்ச ஒயினு," என்றபடி கொளஞ்சியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. காலையிலிருந்து இந்த வீட்டின் அடுப்பும் சாவியும் அவள் கையில்தான் இருந்தன.

"நீங்க இருங்கக்கா. நான் பாக்கறேன்," என்றார் ராஜ்மோகன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்புச் சிமென்ட் தரையில் சிவப்பு ஒயின் பரவியிருந்ததால் எது தரை, எது ஒயின் என்று உடனே தெரியவில்லை. ஒயின் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள் சுவரோரமாக வரிசையாக நின்றன. இடப்பக்கம் இருந்தவை கொஞ்சம் தளர்ந்திருந்தன. பாதிக்கு மேல் வலப்பக்கம் இருந்தவை வயிறு உப்பி, தோல் பளபளக்க நின்றன. வரிசையில் அந்த இடம் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. காலையில் அவள் அதுவரைக்கும்தான் வந்திருந்தாள்.

கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். துடைத்து முடித்தபிறகுதான் அது இளமதி தலை துவட்டுகிற துண்டு என்று தெரிந்தது. அதை மடித்து மூலையில் வைத்துவிட்டு, கதவை வெளியே தாழ்போட்டுக்கொண்டு மறுபடி நாற்காலிக்கு வந்தார்.

போன வருஷம் வரைக்கும் இளமதியின் ஒயின் பாட்டிலில்தான் போனது. நவம்பர் பிறந்ததும் பன்னீர் திராட்சை வாங்குவாள். சர்க்கரை, ஈஸ்ட்டு, ஒரு பிடி கோதுமை எல்லாம் சேர்த்துப் பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவாள். ஜாடி, ராஜ்மோகன் சூளை பார்க்கிற பீங்கான் பட்டறையில் கழித்துப்போட்டது. வாய் ஒரு பக்கம் கோணல். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பழைய சாமான் கடையிலிருந்து பிராந்தி பாட்டில்களை வாங்கிவந்து, வெந்நீரில் அலசி, லேபிளைச் சுரண்டி, வடிகட்டி ஊற்றி, கோயில்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுப்பாள். கொளஞ்சியம்மாளுக்கும் ஒன்று உண்டு. "மருந்து கணக்கா ஒரு மூடி குடிச்சிக்கறேன்" என்பாள் அவள். பொங்கலுக்குள் பாட்டில் காலியாகத் திரும்பி வந்துவிடும்.

போன வருஷம் மகள் தென்றல் சென்னைக்குக் கொண்டுபோன பாட்டில் பஸ்ஸில் உடைந்துவிட்டது. அவள் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ் முழுக்க வாடை. "பாத்தா படிச்ச பொண்ணாட்டம் இருக்குது" என்று கண்டக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிப் போனில் அழுதாள். இந்த வருஷம் அவளே ஆன்லைனில் ஐம்பது பவுச்சுகளுக்கு ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். உள்ளே இருப்பது தெரிகிற கெட்டியான பிளாஸ்டிக் பை. மேலே ஒரு மூலையில் சின்னக் குழாய், அதற்குச் சிவப்புத் திருகுமூடி. கீழே விழுந்தாலும் உடையாது.

முதல் பையை நிரப்பி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இளமதி சிரித்தாள். "என்னாங்க இது, ரத்தம் ஏத்துற பை மாரி இருக்குது. உங்க பொண்ணு ஆஸ்பத்திரியிலேர்ந்து தள்ளிக்கினு வந்துட்டாளா?"

இந்த முறை மழையில் திராட்சை தாமதமாகத்தான் கிடைத்தது. ஜாடியில் நுரை முழுசாக அடங்குவதற்குள் பைகளில் நிரப்ப வேண்டிய தேதி வந்துவிட்டது. காயாத பொம்மையைச் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும் என்று ராஜ்மோகனுக்குத் தெரியும். ஆனால் ஒயினுக்கும் அதே நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாட்டிலாக இருந்தால் பழைய மூடி இடுக்கில் காற்று கசிந்திருக்கும். இந்த மூடி இறுகினால் இறுகினதுதான். மறுநாள் காலையில் நாற்பத்திரண்டு பைகளும் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தன.

"ஏண்டி, ஒன் பாக்கெட்டெல்லாம் முழுவாம இருக்குதுடி," என்று இளமதி போனில் மகளிடம் சொன்னாள்.

"காத்துதாம்மா அது. காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி மூடியத் தளத்தி காத்த வுட்டுட்டு, திரும்ப நல்லா இறுக்கிடு. நாலஞ்சு நாள்ல அடங்கிடும்."

அன்றிலிருந்து அது அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. அறையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக மடியில் வைத்து மூடியைத் தளர்த்துவாள். 'புஸ்'ஸென்று மூச்சு விடும். கையால் அமுக்கி மிச்சக் காற்றையும் வெளியே தள்ளிவிட்டு இறுக்கி மூடுவாள். எல்லாம் இடது கையில். கரண்டி பிடிப்பது, கோலம் இழுப்பது, கதவைத் திறப்பது எல்லாமே அவளுக்கு இடதுதான். கல்யாணமான புதிதில் ராஜ்மோகனின் அம்மா, "பந்தியில மட்டும் அந்தக் கைய மடக்கி வச்சிக்கம்மா" என்று சொன்னதிலிருந்து, பரிமாறும்போது மட்டும் வலது கையால் தடுமாறுவாள். அவள் கை இறுக்கிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க ராஜ்மோகனும் திணறியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் கடைசிப் பையை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் இழுக்குதுங்க."

"எந்தக் கை?"

"இந்தக் கைதான்," என்று இடது கையைத் தூக்கப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள். நெற்றியில் வேர்த்திருந்தது. அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது.

"நாப்பத்திரண்டு மூடி திருவுன கை, வலிக்காம என்னா பண்ணும்?" என்றார் ராஜ்மோகன். தைலத்தை எடுத்துவந்து தோளில் தேய்த்துவிட்டார். இதமாக இருப்பதாகச் சொன்னாள். இட்லிக்கு மாவாட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மகளோடு போனில் பேசினாள். தூங்கினார்கள்.

காலை ஐந்தரைக்கு டீ வரவில்லையே என்று எழுந்து போனார். அறையில் விளக்கு எரிந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தார். ஒயின் கொட்டிவிடப் போகிறதே என்று முதலில் அந்தப் பையை எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்தார். அப்புறம்தான் அவளைத் தொட்டார்.

அதுதான் காலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. முதலில் பையை எடுத்தது.

ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்தார், நாடி பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "கொண்டு வரும்போதே உயிர் இல்லைங்க. அட்டாக்காத்தான் இருக்கும். நேத்து வலின்னு எதாவது சொன்னாங்களா? நெஞ்சு, தோளு, எடது கை?"

"இல்லைங்க," என்றார் ராஜ்மோகன்.

யோசித்துச் சொன்னதல்ல. எடது கை என்ற சொல் காதில் விழுந்தபோதே அந்த 'இல்லை' வாயிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் அதைத் திரும்ப உள்ளே எடுக்க வழி தெரியவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதையே மதிவாணனிடம் சொன்னார். கோயிலிலிருந்து வந்தவர்களிடம் சொன்னார். பட்டறை முதலாளி மாலையோடு வந்தபோது அவரிடமும் சொன்னார். பத்து மணிக்குள் அது அவர் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் புதிதாக வந்து இறங்குகிறவர்களிடம் யாராவது ஒருத்தர் முந்திக்கொண்டு சொன்னார்கள்: "ஒரு வார்த்த சொல்லல. நோவு நொடி இல்லாம, தூங்கறாப்ல போயிடுச்சு. எல்லாருக்கும் கெடைக்குமா இந்தச் சாவு?"

அதைக் கேட்டு ஆட்கள் கொஞ்சம் ஆறுதலடைந்ததை ராஜ்மோகன் பார்த்தார்.

குளிப்பாட்டிப் புடவை கட்டிப் படுக்கவைத்தபோது, கொளஞ்சியம்மாள் இளமதியின் கைகளை மார்பில் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றினாள். வலது கை மேலேயும் இடது கை அடியிலுமாக இருந்தது.

"அக்கா, அந்தக் கைய மேல வையிங்க," என்றார் ராஜ்மோகன்.

"எந்தக் கைய?"

"எடது கைய."

"சோத்துக்கைதான் தம்பி மேல இருக்கணும்." கொளஞ்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்கள்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. மாத்தணுமா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள். "இருக்கட்டும்," என்றார்.

தென்றல் ஒரு மணிக்கு வந்தாள். திருச்சி பஸ்ஸில் வேப்பூர் கூட்ரோடு வரை வந்து இறங்கியவளை மதிவாணன் வண்டியில் கூட்டிவந்தான். அக்கா மகளைப் பார்த்ததும் ரோட்டிலேயே அவன் அழுதிருக்க வேண்டும், அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நேராக ஐஸ் பெட்டியிடம் போனாள். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்து முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள். வார்டில் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பிறகு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள். "எத்தன மணிக்குப்பா?"

"அஞ்சரைக்குப் பாத்தேம்மா."

"அதுக்கு முன்னாடி எதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்லல பாப்பா," என்று கொளஞ்சியம்மாள் முந்திக்கொண்டாள். "நேத்து ஆறு மணிக்குக்கூட சுவத்துக்கு அந்தாண்ட நின்னு எங்கிட்டச் சிரிச்சிப் பேசிட்டுதான் போச்சு."

தென்றல் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் ராஜ்மோகன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி வந்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ராஜ்மோகன் வாசலுக்கு வந்து நின்றார். அங்கே அவர் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. இன்னொன்று ஆஸ்பத்திரியிலா ஆட்டோவிலா என்று தெரியவில்லை.

நாலு மணிக்குப் பாதர் வந்து ஜெபம் சொன்னார். பெட்டியைத் தூக்கும்போது அறைக்குள் இன்னொன்று வெடித்தது. இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லறையில் குழியின் ஓரத்தில் நின்று ராஜ்மோகன் பிடி மண் அள்ளியபோது அது கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. பட்டறைக்கு மண் வந்து இறங்கினால் விரலில் தேய்த்துப் பார்க்கிற பழக்கத்தில் அதையும் தேய்த்துப் பார்த்தார். நல்ல மண். பின்னால் நின்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது உறைத்ததும் குழிக்குள் போட்டார்.

திரும்பி வந்தபோது கொளஞ்சியம்மாள் வீட்டைக் கழுவிவிட்டு ரசம் சோறு கொண்டுவந்து வைத்திருந்தாள். "ஒரு வாயி வச்சிக்க பாப்பா. நீங்களுந்தான் தம்பி," என்றாள். இருவரும் ஒரு வாய் வைத்துக்கொண்டார்கள். வாசலில் சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிவாணன் அறைக் கதவருகில் நின்றான். "மாமா, உள்ள நாறுதுங்க. அந்தப் பாக்கெட்டையெல்லாம் கொண்டுபோயி வாய்க்கால்ல கொட்டிட்டு வந்துடட்டா?"

"நீ கொட்டுவியா, கூட்டாளிங்களுக்குப் போன் போடுவியா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அட போக்கா." அவனுக்குச் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எங்கக்கா போட்டத எவனுக்குக் குடுப்பேன் நானு?"

"கொட்டாதீங்க மாமா," என்றாள் தென்றல். "நான் காத்த வுட்டு வைக்கறேன்."

அவள் தாழை நீக்கிக்கொண்டு உள்ளே போனாள். ராஜ்மோகனும் பின்னால் போனார். மூன்று பைகள் கிழிந்து கிடந்தன; மூன்றாவது அவர்கள் கல்லறையில் இருந்தபோது வெடித்திருக்க வேண்டும். மற்றவை எல்லாம் உப்பியிருந்தன, காலையில் இளமதி காற்று விட்டு வைத்தவையும் சேர்த்து. தென்றல் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பைகளை மடியில் வைத்துத் திறக்க அந்த அறையில் வேறு இடமும் இல்லை.

முதல் மூடியைத் திருகினாள். 'புஸ்'ஸென்று நுரையோடு மூச்சு வந்தது. கையால் அமுக்கினாள், மூடினாள், அப்பாவிடம் நீட்டினாள். ராஜ்மோகன் வாங்கித் துடைத்து வரிசையில் வைத்தார். அடுத்தது. அடுத்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து பைகளில் விழுந்தது. பதினைந்து பதினாறு ஆகியிருக்கும்.

"தென்றலு."

"ம்."

"அம்மா நேத்து சாயங்காலம் கை வலிக்குதுன்னா."

மூடியின்மேல் இருந்த அவள் விரல்கள் நின்றன.

"தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் இழுக்குதுன்னா. வேர்த்துக்கூட இருந்துச்சு. நாந்தான், மூடி திருவுன கை வலிக்காம என்னா பண்ணும்னுட்டுத் தைலத்தத் தேச்சு வுட்டேன். டாக்டரு கேட்டாரு. இல்லன்னுட்டேன். நீ கேட்ட. ஒங்கிட்டயும் இல்லன்னுட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒயின் கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது. வெளியே சாமியானாவின் கம்பிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

'புஸ்'ஸென்று கையிலிருந்த பை மூச்சு விட்டது. தென்றல் அதை அமுக்கி மூடினாள்.

"எங்கிட்டயும் சொன்னாங்கப்பா," என்றாள்.

ராஜ்மோகன் நிமிர்ந்தார்.

"எட்டு மணிக்குப் பேசினாங்கள்ல, அப்ப. ஒன் பாக்கெட்டத் திருவித் திருவி எங்கை வுட்டுப்போச்சுடின்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." மூடிய பையை அப்பாவிடம் நீட்டினாள். "வார்டுல யாரு வந்து எடது கை வலிக்குதுன்னாலும் மொதல்ல ஈசிஜி எடுக்க ஓடறவ நானு. அம்மாவுக்கு அதுதான சோத்துக்கைன்னு இருந்துட்டேம்ப்பா."

அடுத்த பையை எடுக்கக் கை நீட்டினாள். எடுக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலன்னீங்களா. சரி, எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன். காலைலேர்ந்து."

ராஜ்மோகன் ஒரு பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் அதைத் திறந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். வரிசை முடிந்தது.

அலமாரியில் ஒன்று மிச்சமிருந்தது. காலையில் அவர் எடுத்து வைத்த பை. பந்துபோல உருண்டு நின்றது. தென்றல் திருகிப் பார்த்தாள். வலது கையால், பிறகு இரண்டு கையாலும். மூடி அசையவில்லை. அப்பாவிடம் கொடுத்தாள். சூளைக் கதவின் இரும்புத் தாழை இருபத்தெட்டு வருஷமாக இழுத்துத் திறக்கிற கை அவருடையது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். உள்ளங்கையில் மூடியின் வரிகள் பதிந்ததுதான் மிச்சம்.

"இடுக்கி கொண்டாரட்டா?"

"வேணாம்ப்பா. வுட்டுடுங்க," என்றாள் தென்றல். "குளிர்ல வச்சா அடங்கும்."

அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மாவுப் பாத்திரம் நடுத்தட்டில் இருந்தது. மூடியின் ஓரத்தில் அவள் விரல் பட்ட மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. பாத்திரத்தை நகர்த்தாமல், அதற்கும் கதவுக்கும் நடுவில் பையை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். பை உள்ளிருந்து தள்ள, கதவு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நிக்குதாப்பா?" என்று அறையிலிருந்து தென்றல் கேட்டாள்.

"நிக்கும்," என்றார். கையை எடுக்கவில்லை.